கருகிய பக்கம் கீழே

நான் உட்கார்ந்திருந்த இடம் சுட்டது. மாசி மாதத்து வெயிலில் பகல் முழுக்கக் கிடந்த, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பஞ்சு பேல் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முந்தானையை இரண்டு மடிப்பாக மடித்துக் கீழே போட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். மில் மைதானத்தில் கால்பந்தாட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. என் மகள் கொளஞ்சிக்கு அப்போது நான்கு வயது. கூட்டத்தைக் கண்டால் என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டாள். அன்றைக்கு என்னவோ தானாக இறங்கி, எனக்குப் பக்கத்தில் பேல்மேல் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள். அத்தனை கூச்சலிலும் தூங்குகிறாளே, ஒரு ஆட்டத்தையாவது முழுசாகப் பார்க்கலாம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எனக்கு அந்தப் பக்கம் ஆயம்மா அக்கா உட்கார்ந்திருந்தாள். மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. வாயில் வெற்றிலை இருந்தாலும் பேச்சு நிற்காது.

"என்னாடி ஒம் புருசன், கம்பத்துக்குக் காவக்காரன் மாரி நிக்கறான்? எல்லாரும் ஓடறானுங்க, அவன் மட்டும் நிக்கறான்."

"கோலின்னா நிக்கத்தான் செய்வாங்க அக்கா. அதான் அவரு வேல."

"ஆமா ஆமா, நிக்கறதுதான் அவன் வேல. காலையில கேட்ல, சாயங்காலம் கோல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டேன். என் புருஷன் வேம்பு, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் டிபார்ட்மெண்டில் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது லீவு போட்டால் அவர் இடத்தில் வேலை செய்கிறவருக்குப் பதிலி என்று பெயர். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். டைம் ஆபீஸ்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே போகலாம், கூப்பிடாவிட்டால் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் இப்படி நின்றுகொண்டிருக்கிறார். நான் ரீலிங்கில் நிரந்தரம். அவர் திரும்பி வருகிற நேரத்தில் நான் உள்ளே போவேன். கேட்டில் என்னைத் தாண்டும்போது யாரோ மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவார். வீட்டில் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், அதெல்லாம் எனக்கு வலித்ததில்லை. இது வலிக்கும். ஒரு முறை கார்டிங் மெஷினில் அவருடைய கட்டைவிரல் கிழிந்துவிட்டது. மில்லுக்குள்ளேயே டிஸ்பென்சரி இருந்தும் அங்கே கட்டுப் போடவில்லை. அது நிரந்தரக்காரர்களுக்கு மட்டுமாம். விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார்.

தட்டாஞ்சாவடியில் எத்தனையோ பட்டறை வந்துவிட்டது, எதிலாவது போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் பொறுக்கச் சொன்னேன். பொறுத்ததற்குப் பலன் அன்றைக்கு, எழுபத்தொன்பதாம் வருஷம் மார்ச் நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிடைக்கப்போகிறது என்று மில் முழுக்கப் பேச்சாக இருந்தது.

அன்றைக்குப் பாதுகாப்பு தினம். மற்ற வருஷங்களில் ஒரு கொடியை ஏற்றிவிட்டு ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். அந்த வருஷம் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்து, மில்லின் ஃபயர் பார்ட்டி அதை அணைத்திருந்தது. எங்கள் மில்லில் பழைய ஆட்கள் அவர்களை 'பொம்ப்பியே' என்றுதான் சொல்வார்கள். அது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேச்சு. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத் தலைவர், பஞ்சைப் பிரித்துப் போடுகிற புளோரூமின் மேஸ்திரி காத்தவராயன் அண்ணன், கடைசி ஆள் வேம்பு. தீப்பிடித்த அன்றைக்கு வேம்புக்கு வேலை இல்லை. கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர், சங்கு விட்டுவிட்டு ஊதியதும் மதிலேறிக் குதித்து உள்ளே ஓடியிருக்கிறார். வேலைக்குக் கூப்பிடாத மனுஷர் தீக்குக் கூப்பிடாமலே போனார். எரிகிற கிடங்கிலிருந்து கொக்கி போட்டுப் பேல்களை வெளியே இழுத்தவர்களில் அவர்தான் முன்னால் நின்றார் என்று எல்லோரும் சொன்னார்கள். லேபர் ஆபீசர் சக்கரபாணி சாரே அவர் தோளைத் தட்டி, "ஞாயித்துக்கெழம மேடையில ஒனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு" என்று சொல்லியிருந்தார். அந்தச் சேதி என்ன என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். அவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள்.

அதனால்தான் பிள்ளைச்சாவடி டீமை வரவழைத்து ஆட்டம் வைத்திருந்தார்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் மேடையில் ஐந்து பேருக்கும் பொன்னாடை போட்டு, சேதியைச் சொல்லி, அப்புறம் மீதி ஆட்டம். பிள்ளைச்சாவடிக்காரர்கள் எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள், வெறுங்காலில் ஆடினார்கள். எங்கள் ஆட்கள் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி ஜானகிராமன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. யாராவது கீழே விழுந்து புரண்டால் பக்கத்தில் போய்க் குனிந்து, "அலே, அலே, எழுந்திரு, நாடகம் போதும்" என்பார். அதைக் கேட்பதற்கே பாதிக் கூட்டம் வந்திருந்தது.

மில் மதிலின் நிழல் எங்கள்மேல் விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கடல் காற்றும் வர ஆரம்பித்திருந்தது. ஆனால் எனக்குக் கீழே இருந்த சூடு குறையவில்லை. கொளஞ்சியைத் திருப்பிப் படுக்க வைக்கலாம் என்று முதுகில் கை கொடுத்தேன். பாவாடை சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. பேலின்மேல் விரித்திருந்த ஜமக்காளத்தைத் தூக்கிவிட்டுச் சாக்குத் துணிக்குள் விரலை நுழைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் சுரீர் என்றது. விளக்குத் திரியை அணைத்ததும் ஒரு வாசனை வருமே, அது வந்தது.

குனிந்து பேலின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தரையோடு ஒட்டிய ஓரத்தில் சாக்கு கருகியிருந்தது. அடுத்த பேலைப் பார்த்தேன். அதிலும் கருகல் கீழ்ப்பக்கம்தான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் மைதானத்தில் எப்போது ஆட்டம் நடந்தாலும் பெண்களும் பிள்ளைகளும் உட்காரக் கிடங்கிலிருந்து பேல்களை உருட்டி வந்து ஓரமாக வரிசை போடுவார்கள், முடிந்ததும் திரும்ப உருட்டிக்கொண்டு போவார்கள். மற்ற இடங்களில் நாற்காலி, எங்களுக்குப் பேல். தீப்பிடித்த பிறகு நல்ல பேல் ஒன்றுகூடக் கிடங்கைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சக்கரபாணி சார் உத்தரவு போட்டிருந்தார். தீயிலிருந்து இழுத்துப் போட்ட பேல்கள் மட்டும் முற்றத்தில் கிடந்தன. அவற்றை அறுத்துப் பிரித்து நனைத்துவிட வேண்டும், பஞ்சுக்குள் தீ தூங்கும் என்று காத்தவராயன் அண்ணன் அப்போதே சொன்னார். இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்க்கிறவரை பட்டையில் கை வைக்கக் கூடாது என்று சார் மறுத்துவிட்டார். அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் வேம்பு, "பொம்பளைங்க மண்ணுல குந்தக் கூடாது, பேல் போட்டுட்டு வரேன்" என்று விசிலடித்துக்கொண்டே கிளம்பினார். எந்தப் பேல் என்று நான் கேட்கவில்லை. அவற்றைத்தான் உருட்டி வந்திருக்கிறார். சேலையில் கரி ஒட்டாதபடி கருகிய பக்கத்தைக் கீழே திருப்பி வைத்து, மேலே ஜமக்காளமும் விரித்திருக்கிறார். எவ்வளவு பொறுப்பான மனுஷர் பாருங்கள்!

பேல் வரிசை முடிகிற இடத்தில் மேடை இருந்தது. தென்னங்கீற்றுப் பந்தல். அதற்குக் கீழே காத்தவராயன் அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கையை முட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இவை எந்தப் பேல்கள் என்று அவருக்குத் தெரியாது. எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொன்னால் அணைத்த தீ அணையவில்லை என்று ஆகிவிடும். அணையாத தீயை அணைத்ததற்கு யார் பொன்னாடை போடுவார்கள்? அதைப் பிள்ளைகளுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தவரை யார் நிரந்தரமாக்குவார்கள்? பாதி ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

முதலில் பிள்ளைகளை நகர்த்த வேண்டும். கொளஞ்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயோ, எறும்பு! கட்டெறும்பு!" என்று கத்தினேன்.

"எங்கடி எறும்பு? எனக்கு ஒண்ணையும் காணமே" என்றாள் ஆயம்மா அக்கா.

நான் அவள் கையைப் பிடித்துச் சாக்குக்குள் வைத்தேன். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கோல் கம்பத்துக்கு நடுவே நின்ற வேம்புவைப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"அடியாத்தே, எறும்புதாண்டி! எம்மாம் பெருசு! எழுந்திரிங்கடி எல்லாரும், புள்ளைங்களத் தூக்குங்க!"

என்னைவிட நாலு மடங்கு சத்தம். பெண்கள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி கடித்துவிட்டது என்று காலைக்கூடச் சொறிந்தாள். எல்லோரையும் எதிர்ப்பக்கம் அரசமரத்தடிக்கு அவள் ஓட்டிக்கொண்டு போனாள். கொளஞ்சியையும் அவளிடமே கொடுத்துவிட்டு நான் மைதானத்தைச் சுற்றி நடந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் போனேன். கோலுக்கென்று தனி வலை கிடையாது. பழைய மீன்வலை ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.

"ஏய்யா, இங்க பாரு."

"ஆதி? இங்க எங்க வந்த நீ? போ அந்தாண்ட."

"பேல் உள்ள எரியுதுய்யா. கைய வைக்க முடியல."

அவர் முழுசாக என் பக்கம் திரும்பிவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மைதானமே அலறியது. பந்து அவர் இடுப்பை ஒட்டி வந்து மீன்வலையில் என் வயிற்றுக்கு நேராக மாட்டி நின்றது. பிள்ளைச்சாவடிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து வந்த வசவுகளை எழுத முடியாது. பெண்டாட்டியை வீட்டில் கட்டி வைக்கச் சொன்னதுதான் அதில் மரியாதையானது.

பந்தை எடுக்கிற சாக்கில் அவர் வலையோரம் குனிந்தார்.

"புள்ள எங்க?"

"ஆயம்மா அக்காகிட்ட. எல்லாரையும் எழுப்பி அனுப்பிட்டேன். பேல் மட்டுந்தான் கெடக்குது."

"பத்து நிமிசம் ஆதி. மேடையில அந்த ஒரு வார்த்தையச் சொல்லிடட்டும். அடுத்த நிமிசம் நானே மேஸ்திரிகிட்டச் சொல்றேன். பத்தே நிமிசம்."

அப்படி ஒரு கெஞ்சலை நான் அவரிடம் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். "சரி, நான் போயி பாத்துக்கறேன்" என்றேன். மேடைக்குப் பின்னால் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தில் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பேலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆளில்லாத அந்த வரிசையில் நான் ஒருத்தி மட்டும் குடத்தோடு நின்றேன்.

விசில் ஊதியது. ஆட்டக்காரர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சக்கரபாணி சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். காத்தவராயன் அண்ணனுக்குப் பொன்னாடை போட்டார்கள், கைதட்டல். அடுத்தவருக்கு, அதற்கு அடுத்தவருக்கு. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷ சர்வீஸ் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் சார். சுருக்கமாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பதிலி என்பதால் வேம்புவை மேடையில் கடைசியாக நிறுத்தியிருந்தார்கள். பனியன் டிரவுசரோடு நின்றார். அவர் கூட்டத்தையும் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று கொஞ்சம் பலமாக வந்தது. என் முதுகுப் பக்கம் சூடு கூடியது. திரும்பவில்லை. திரும்பினால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு வாக்கியம் மட்டும் முடியட்டும் என்று எங்கள் குலசாமியை வேண்டிக்கொண்டேன்.

"கடைசியா, வேம்பு" என்றார் சார். பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். "இவரு நம்ம மில்லுல பதிலியா இருக்கறவரு. ஆனா அன்னைக்கி இவரு செஞ்ச காரியத்தப் பாத்துட்டு, நம்ம நிர்வாகம் இவரப் பத்தி ஒரு முடிவு..."

வேம்பு மேடையிலிருந்து குதித்தார். படியில் இறங்கவில்லை. குறுக்கே இருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்து, என்னை நோக்கி ஓடி வந்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். என் தோள் உயரத்துக்குப் புகை வந்திருந்தது. என் முந்தானை நுனி பேல்மேல் பறந்து பறந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பிடித்துத் தள்ளிய தள்ளலில் நானும் குடமும் ஆளுக்கொரு பக்கம் போய் விழுந்தோம். பாதித் தண்ணீர் கொட்டிப்போனது.

"மேஸ்திரி, பேலு! பேலு எரியுது!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

விழுந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ரெண்டு வார்த்தைதானே பாக்கி இருந்தது என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அந்த ரெண்டு வார்த்தைக்கு நிற்காமல் ஓடி வந்தாரே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். மேடையில் சக்கரபாணி சார் விரித்த பொன்னாடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், போர்த்திக்கொள்ள ஆளைக் காணவில்லை.

காத்தவராயன் அண்ணன் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு முறை குனிந்து பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "பட்டைய வெட்டாதீங்கடா, காத்து பூந்துடும்! அப்பிடியே கொளத்துக்கு உருட்டுங்க!" என்றார். என்ஜின் சூட்டைத் தணிக்க வெட்டிய குளம் மைதானத்துக்குப் பின்னாலேயே இருந்தது. ஐந்து பேரும் முதல் பேலைப் பிடித்தார்கள். காலையில் நிறையப் பேர் சேர்ந்து உருட்டிய பேல், ஐந்து பேருக்கு அசையவில்லை. இரும்புப் பட்டை தொட முடியாமல் சுட்டது. மேஸ்திரி தன் பொன்னாடையைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தார். வேம்புவுக்கு அதுவும் இல்லை, வெறுங்கையால் பிடித்துத் தள்ளினார்.

அப்போதுதான் பிள்ளைச்சாவடி டீமின் கேப்டன் அம்மாவாசை தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். "தள்ளு அண்ணே. தெனமும் மணல்ல கட்டுமரம் தள்றவங்க நாங்க" என்று சொல்லித் தோளைக் கொடுத்தான். ஒருவன் குரல் கொடுக்க, மற்றவர்கள் அதற்கேற்ற மூச்சில் தள்ளினார்கள். பேல் உருண்டது. ஒவ்வொன்றாகக் குளத்தில் விழுந்து, உஸ் என்று ஆவி கிளப்பி, மூழ்காமல் மிதந்தன. கடைசிப் பேலின் பட்டை குளக்கரையில் அறுந்து, உள்ளே இருந்து தீ ஒரு ஆள் உயரத்துக்குச் சட்டென்று எழும்பியது. என் மகள் படுத்திருந்த பேல் அது. வரிசையில் நின்று வாளி வாளியாக ஊற்றி, அரிவாளால் கிளறி, மறுபடியும் ஊற்றி அணைத்தார்கள். பந்தலில் ஒரு கீற்றுகூடக் கருகவில்லை. ஆயம்மா அக்கா அரசமரத்தடியிலிருந்து, "எறும்பு போச்சாடி?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் காத்தவராயன் அண்ணன் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் பேல இங்க கொண்டாந்தது யாரு?"

சக்கரபாணி சாரும் அதற்குள் வந்து பக்கத்தில் நின்றிருந்தார். பொன்னாடையை மடித்துக் கையிடுக்கில் வைத்திருந்தார். விடியற்காலையில் வேம்புவோடு சேர்ந்து உருட்டியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். கும்பலில் யார் யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

"நாந்தான் மேஸ்திரி" என்றார் வேம்பு. "கருகுன பக்கத்தக் கீழ போட்டு அடுக்குனேன். வெளிய ஜில்லுன்னு இருந்திச்சி. ஆறிப்போச்சின்னு நெனச்சிட்டேன்."

மேஸ்திரி குனிந்து வேட்டியில் ஒட்டிய கரியைத் தட்டினார். சார்தான், "இன்ஷூரன்ஸ்காரரு நாளானிக்கி வராரு. பேல் எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்றார்.

"கொளத்துல கெடக்குதுன்னு சொல்லுங்க சார்" என்றார் மேஸ்திரி. "எம் பேச்சக் கேட்டு அன்னிக்கே அறுத்திருந்தா இங்க வந்திருக்காது. இவன் தூக்கியாந்ததும் தப்புத்தான், இல்லன்னு சொல்லல."

சார் முகம் சிவந்தது. திரும்பி மேடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். விட்ட இடத்திலிருந்து பேசுவார் என்று நான் காத்திருந்தேன். மைக்செட்காரன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

ரெஃப்ரி ஜானகிராமன் வானத்தைப் பார்த்தார். "வெளிச்சம் இருக்கு. அலே, அலே!" என்று விசிலை ஊதினார்.

அந்த இரண்டாவது பாதியை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இரண்டு டீமும் கரியும் சேறுமாக இருந்ததில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல், எதிராளிக்கே பந்தைக் கொடுத்துவிட்டுக் கைதட்டினார்கள். பெண்கள் உட்கார இடமில்லாமல் கோட்டோரத்திலேயே நின்றார்கள். பந்து வெளியே வந்தால் அவர்களே காலால் உள்ளே தள்ளினார்கள். எங்கள் டீம் ஒரு கோல் போட்டுச் சமமாக்கியது. கொளஞ்சி விழித்துக்கொண்டு, தூங்கும்போது என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டாள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் தட்டாஞ்சாவடி இருக்கவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கோல் கம்பத்துக்கு நடுவே அவர் கைகளைத் தொங்கவிடாமல் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அந்த லேசெல்லாம் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் பட்டையின் தடம் அப்படியே கொப்புளமாக எழும்பியிருந்தது. என் முந்தானையில் இரண்டு துண்டு கிழித்துச் சுற்றிக் கட்டினேன். அன்றைக்காகவே எடுத்த சேலை. கிழிக்கும்போது அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

"பேசாத ஆதி. நீ பேசுனா கோல் வுழுவுது" என்றார்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் பந்தைக் கையால் தொட்டுவிட்டான். ரெஃப்ரி ஓடிவந்து இடத்தைக் காட்டினார். "பெனால்த்தி!" என்றார். அம்மாவாசை பந்தை வைத்தான். பின்னால் நகர்ந்தான். வேம்பு ஒரு நொடி திரும்பி என்னைப் பார்த்தார். நான் முந்தானையில் மிச்சமிருந்ததை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மாவாசை ஓடிவந்து உதைத்தான். அந்தக் கைகளால் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பிடிக்கப் பார்க்கவில்லை. கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக்கொண்டு முழங்கையால் குத்தினார். பந்து கம்பத்துக்கு மேலே போய், மரத்தில் பட்டு, அந்தாண்டை குளத்தில் விழுந்தது. கூட்டம் கத்திய கத்தலில் அவர் வலியில் கத்தியது எனக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் குளக்கரையில் உட்கார்ந்தோம். நான் காவல் காத்த குடத்தில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. கட்டை அவிழ்த்து, கையைக் குடத்துக்குள் விடச் சொன்னேன். குடத்து வாய் சின்னது. ஒரு கைதான் நுழைந்தது. மறு கையை என் மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கையை மாற்றினார்.

"நாளைக்கு கேட்டுக்குப் போறதா வேணாமான்னே தெரியல" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சக்கரபாணி சார். வேம்பு எழுந்திருக்கப் பார்த்தார். கை குடத்துக்குள் இருந்ததால் முடியவில்லை. சார் அந்தக் கையையும் என் மடியில் இருந்த கையையும் பார்த்தார். பொன்னாடை இன்னும் அவர் கையிடுக்கில்தான் இருந்தது. கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

"காலையில கேட்ல நிக்காத" என்றார்.

நான் ஊதுவதை நிறுத்திவிட்டேன்.

"நேரா உள்ள வந்துடு. டிஸ்பென்சரியில கட்டுப் போட்டுக்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கறேன்."

திரும்பி நடந்து போய்விட்டார். டிஸ்பென்சரி நிரந்தரக்காரர்களுக்கு மட்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாரா, பார்க்கச் சகிக்காமல் சொன்னாரா? கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வேம்பு தலையை ஆட்டினார். நான் மூடிக்கொண்டேன்.

கையை மாற்றினார். குடத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுக் குளத்தில் புதுத் தண்ணீர் மொண்டுவரலாம் என்று படியில் இறங்கினேன். பேல்கள் பாதி மூழ்கி ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டு மிதந்தன. அவற்றுக்கு நடுவே பந்து மாட்டிக்கொண்டு கிடந்தது, யாரும் எடுக்க வரவில்லை. ஓரத்துப் பேல் ஒன்றின் தண்ணீருக்கு மேலிருந்த மூலையிலிருந்து ஊதுவத்திப் புகை அளவுக்கு ஒரு கோடு நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.